முத்திரையை நம்பி நாம் செய்யும் தவறுகள்

"பக்கத்துக் கடைவரைதானே, ஹெல்மெட் எதற்கு?" இந்தக் கேள்வி எழாத வீடு குறைவு. மெதுவாகப் போனால் தலைக்கு ஆபத்தில்லை என்ற நினைப்புதான் அதற்குக் காரணம். ஆனால் வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து விழும் தலை மணிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தில் தரையில் மோதும். வண்டி அசையாமல் நின்றிருந்தாலும் இதே வேகம்தான்.

ஹெல்மெட்டுகளுக்கான ஐ.நா.வின் 22-ஆம் எண் விதிமுறையும் தலை விழும் வேகத்தை ஒட்டியே சோதனையை வகுத்திருக்கிறது. அதன் 05 திருத்தம் கேட்டது நொடிக்கு 7.5 மீட்டர், அதாவது மணிக்கு 27 கி.மீ. 2021-இல் நடைமுறைக்கு வந்த 06 திருத்தம் அதற்கு மேலே நொடிக்கு 8.2 மீட்டர் வேகத்திலும் கீழே 6 மீட்டர் வேகத்திலும் மோதிப் பார்க்கச் சொன்னது. கீழ் வேகம் எதற்கு? பெரிய அடிக்காக மட்டும் இறுக்கமாகச் செய்த ஹெல்மெட், சிறிய அடியில் நசுங்காமல் அதிர்ச்சியைத் தலைக்கே கடத்திவிடும். சாய்வாக மோதும்போது தலை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதையும் புதிய திருத்தம் அளக்கிறது. மூளைக்காயங்களில் பல அந்தச் சுழற்சியால் வருபவை.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, இந்தியாவில் விற்கும் குறைவேக மின்ஸ்கூட்டர்களைப் பாருங்கள். 250 வாட்டுக்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்டவற்றுக்குப் பதிவு எண்ணும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். அதனாலேயே பிள்ளைகளை வெறுந்தலையோடு டியூஷனுக்கு அனுப்புகிறோம். எனக்கு மிகுந்த வருத்தம் தரும் தவறு இது. சட்டம் விலக்களித்தது வண்டிக்கு. பிள்ளையின் தலைக்குத் தரை விலக்கு அளிக்காது.

மோதலின் விசையை வாங்கிக்கொள்வது ஹெல்மெட்டின் வெளி ஓட்டுக்கு உள்ளே இருக்கும் தெர்மாக்கோல் அடுக்கு. நசுங்கித்தான் அது காப்பாற்றுகிறது. நசுங்கியது மறுபடி எழும்பாது. விபத்தில் அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளப்பாக இருந்தாலும் அதன் வேலை முடிந்துவிட்டது. யாரோ பயன்படுத்தியதை வாங்குவதும் அதனால்தான் கூடாது. சாலையோரத்தில் கிடைக்கும் சில ஹெல்மெட்டுகளில் இந்த அடுக்கே இராது, வெறும் ஸ்பாஞ்சுதான். விரலால் அழுத்தினாலே தெரிந்துவிடும். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் ஸ்டிக்கர் யாரும் அச்சிடலாம், எனவே முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை இந்தியத் தர அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபாருங்கள்.

வெளிநாட்டு ஹெல்மெட் வாங்குவோர் செய்யும் பிழை வேறு. வட்டத்துக்குள் ஆங்கில 'இ' (E) எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். அதைத் தரவரிசை என்று எண்ணுகிறார்கள். ஒப்புதல் தந்த நாட்டைத்தான் அது குறிக்கிறது: 1 ஜெர்மனி, 3 இத்தாலி, 4 நெதர்லாந்து. மூன்றுக்கும் சோதனை ஒன்றே.

தாடைப்பட்டியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. போடாவிட்டால், தரையில் மோதும்போது ஹெல்மெட் தலையில் இராது.

ஹெல்மெட் விதியையும் மின்வாகன பேட்டரி விதியையும் பேசுவது ஜெனீவாவில் கூடும் ஒரே ஐ.நா. குழுதான் என்பது பலருக்குத் தெரியாது. இருசக்கர மின்வாகனங்களுக்கான 136-ஆம் எண் விதிமுறை அங்கே உருவானது. கழற்றி எடுக்கும் பேட்டரியை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் போட்டுப் பார்க்கிறார்கள், அளவு மீறிச் சார்ஜ் ஏற்றிப் பார்க்கிறார்கள்.

இந்தியாவில் இதற்கு இணையானது ஏ.ஐ.எஸ். 156 என்ற வாகனத் தரநிலை. 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் சார்ஜில் இருந்த மின்ஸ்கூட்டர் தீப்பற்றி, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். வேறு ஊர்களிலும் வண்டிகள் எரிந்த ஆண்டு அது. அதன் பிறகு கடுமையாக்கப்பட்ட விதிகள் அந்த டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. பேட்டரிக்குள் அடுக்கியிருக்கும் செல்களில் ஒன்று சூடேறினால் பக்கத்துச் செல்லுக்குப் பரவுகிறதா என்ற சோதனை இரண்டாம் கட்டத்தில் வந்தது. ஆகவே "மின்ஸ்கூட்டர் எல்லாம் இப்போது பாதுகாப்பானவை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது தவறு. அதற்கு முன் வாங்கிய வண்டி பழைய விதியில் தேறியது. புதிய விதி வீட்டுக்குள் வந்து அதன் பேட்டரியை மாற்றிவிடாது.

சான்று, சோதித்த பேட்டரிக்கும் அதற்குரிய சார்ஜருக்கும் சேர்த்துத்தான். விலை குறைவென்று வேறு சார்ஜரைச் செருகினாலோ, தெருமுனைக் கடையில் செல்களை மாற்றினாலோ, அந்தச் சான்று உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. வாசற்படிக்கு அருகிலோ மாடிப்படியின் கீழோ இரவெல்லாம் சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் தப்பிக்கும் ஒரே வழியில் வண்டி நிற்கும்.

நீர் புகாமை பற்றிய 'ஐ.பி. 67' என்ற குறியீட்டையும் தவறாகப் படிக்கிறோம். ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதே அதன் பொருள். பிரஷர் வாஷ் அடிக்கவோ, ஒரு நாள் முழுக்க வெள்ளத்தில் கிடக்கவோ அது உத்தரவாதம் தரவில்லை. 2023 டிசம்பரில் சென்னையில் புகுந்ததைப் போன்ற வெள்ளத்தில் வண்டி மூழ்கினால், காய்ந்துவிட்டதென்று சாவியைத் திருப்பாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். உள்ளே போன நீரால் சில நாட்கள் கழித்தும் தீப்பற்றலாம். வீட்டை விட்டுத் தள்ளித் திறந்தவெளியில் நிறுத்திவிட்டுச் சர்வீஸ் மையத்துக்குச் சொல்லுங்கள்.