தாடை திறக்க உதவிய கண்ணாடிக் கோடு

வேளச்சேரியில் வண்டி சறுக்கி விழுந்ததில், வலது காதுக்கு முன்னால் கீழ்த்தாடை எலும்பின் கழுத்து, அதாவது மூட்டுக் குமிழுக்குக் கீழே ஒடுங்கும் பகுதி, முறிந்தது. எலும்பு அசையாமலிருக்க மேல், கீழ்ப் பற்களைச் சேர்த்துக் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்த பிறகும் வாயில் ஒரு விரல்தான் நுழைந்தது. இயல்பாக மூன்று விரல், அதாவது சுமார் 40 மில்லிமீட்டர் திறக்க வேண்டும்.

சூயிங்கம் மென்றேன். அது வாயை மூடும் தசைகளுக்கே வேலை கொடுப்பதால் இறுக்கம் கூடியது. வெந்நீர் ஒத்தடம் வலியைத் தணித்தது, திறப்பைக் கூட்டவில்லை.

பிசியோதெரபிஸ்ட் கவனித்தது வேறு. திறக்கும்போதெல்லாம் கீழ்த்தாடை முறிந்த பக்கமாக ஒதுங்கியது. இதை நான் மட்டுமல்ல, வீட்டில் யாருமே பார்க்கவில்லை. கண்ணாடியில் நெடுக்காக ஒரு கோடு போடச் சொன்னார். நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்துக்கொண்டு, கீழ் முன்பற்களின் நடு இடைவெளி கோட்டை விட்டு விலகாத அளவுக்கு மட்டுமே திறக்க வேண்டும். திறப்பு முதலில் குறைவாகத்தான் இருக்கும். நேராக இருப்பதே முக்கியம்.

அது பழகியதும், பாரிமுனையில் வாங்கிய ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, இழுப்பு தெரியும் இடத்தில் 30 விநாடி நிறுத்தினேன். எளிதானதும் நடுவில் இன்னொரு குச்சி. மூன்று விரல் நுழைந்த அன்றுதான் நிம்மதி வந்தது.

எலும்பு சேர்ந்ததை எக்ஸ்ரேயில் பார்த்து அறுவை மருத்துவர் சம்மதித்த பிறகே குச்சிப் பயிற்சியைத் தொடங்கினோம்.