பாய்ப்படகின் குளிர்காலம்: எங்கே நிறுத்துவது, எதில் ஏற்றுவது

செப்டெம்பர் கடைசி வந்தால் எனக்கு ஒரே கேள்வியோடு அழைப்புகள் வரத் தொடங்கும். "அண்ணை, படகை விண்டருக்கு எங்கை விடுறது?" கேட்பவர்கள் பெரும்பாலும் அந்தக் கோடையில்தான் முதல் படகு வாங்கியவர்கள். பதினாறு, பதினேழு அடிப் படகு. வாங்கும்போது பாய் கிழிந்திருக்கிறதா, உடலில் வெடிப்பு இருக்கிறதா என்றெல்லாம் தட்டிப் பார்த்திருப்பார்கள். ஆனால் ரொறன்ரோவில் ஒரு சின்னப் படகு தண்ணீரில் இருப்பது மே முதல் ஒக்டோபர் நடுப்பகுதி வரைதான். மிச்ச ஆறரை மாதமும் தரையில். அந்த ஆறரை மாதத்தைப் பற்றி விற்பவரிடம் ஒருவரும் கேட்பதில்லை.

என்னுடையது சைரன் 17. ஒன்ராறியோவின் ஓவன் சவுண்டில் 1970களிலும் 80களிலும் கட்டிய படகு. 17 அடி நீளம், 6 அடி 8 அங்குல அகலம், வெறும் படகு ஏறக்குறைய 750 இறாத்தல். அதன் கீல், அதாவது ஊரில் வள்ளத்துக்கு ஏரா என்பார்களே, அந்த இடத்தில் படகின் அடியில் நீட்டிக்கொண்டிருப்பது, மேலே மடங்கிக்கொள்ளும். அதனால் டிரெய்லரில் தாழ்வாக உட்காரும். உங்களுடையது மடங்காத, நிலையான கீல் உள்ள படகென்றால் கதை வேறு. படகை ஏரிக்குள் இறக்கும் சாய்தளத்தில் டிரெய்லரை இறக்கி ஏற்றுவது பெரும்பாடு. கிரேன் வைத்துத் தூக்கி, கிரேடில் எனப்படும் இரும்புத் தாங்கியில் உட்கார வைக்கும் மரீனாவோ (படகுத்துறை) பாய்ப்படகுக் கிளப்போதான் உங்களுக்குச் சரி. கிளப்புகள் ஒக்டோபரில் ஒரு நாளைக் குறித்து, கிரேனை வாடகைக்கு எடுத்து, எல்லாப் படகையும் ஒரே நாளில் தூக்கிவிடும். அந்தத் திகதியைக் கோடையிலேயே கேட்டு வையுங்கள்.

மடங்கும் கீல் உள்ளவர்களுக்கு என் முதல் ஆலோசனை இது: ஜனவரியில், கொட்டும் பனிக்கு மறுநாள், போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய இடத்தில் படகை விடுங்கள். வாடகை, கூரை, காவல் எல்லாம் அதற்குப் பிறகு.

இதை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன். 2013இல் வாடகை குறைவு என்பதற்காக, வீட்டிலிருந்து ஒன்றேகால் மணித்தியால ஓட்டத்தில் ஒரு திறந்த வளவில் படகை விட்டேன். அந்த டிசெம்பர் 21, 22இல் ரொறன்ரோவில் உறைமழை பெய்தது. மரங்கள் முறிந்து, வீடுகளுக்கு நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. படகு எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. தொடர்ந்து வந்த குளிரோ சாதாரணக் குளிர் அல்ல. 2014 மார்ச்சில் பேரேரிகளின் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் உறைந்து கிடந்தது. ஏப்ரலில் போய்ப் பார்த்தபோது மேலே போட்ட தார்ப்பாய் நடுவில் தொய்ந்து, தொட்டி மாதிரி ஆகி, பின்தளத்துக்குள் இறங்கியிருந்தது. அதன் அடியில் ஒரு முழங்கை உயரத்துக்கு ஐஸ். பின்தளத்துத் தண்ணீர் வெளியேறும் துளையில் ஒரேயொரு மேப்பிள் இலை ஒட்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம். வெளியே போகாத தண்ணீர் அறைக்குள் வழிந்து, உறைந்து, தரைப்பலகையைத் தூக்கிப் பிளந்துவிட்டது. ஒரு தரம் போய் அந்த இலையை எடுத்திருந்தால் போதும்.

குளிர் படகை ஒன்றும் செய்யாது. உள்ளே நிற்கும் தண்ணீர்தான் செய்யும். உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். அந்தப் பெருக்கத்துக்கு ஃபைபர் கிளாஸும் தாங்காது, பலகையும் தாங்காது. இடம் தேர்வது, மூடுவது, ஏற்றுவது என்று எதைத் தீர்மானித்தாலும் "தண்ணீர் எங்கே போய் நிற்கும்?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

இடங்கள்

சொந்த வீட்டு வாசல்தான் எனக்கு முதல் தேர்வு. காலையில் கோப்பியோடு ஜன்னலால் பார்த்தாலே தார்ப்பாய் நிற்கிறதா விழுந்ததா என்று தெரியும். ஆனால் பல நகரங்களில் வீட்டின் முன்னால் படகோ டிரெய்லரோ நிறுத்த விதிகள் உண்டு. எத்தனை நாள், எவ்வளவு நீளம், முன்பக்கமா பின்பக்கமா என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். நகரசபைக்கு ஒரு அழைப்பு எடுத்துக் கேட்டுவிட்டு வையுங்கள். டவுன்ஹவுஸ் என்றால் நிர்வாகத்தின் விதி தனியாக இருக்கும். கூரை விளிம்புக்கு நேர் கீழே மட்டும் நிறுத்த வேண்டாம். கூரையில் சேர்ந்த பனி பெப்ரவரி வெயிலில் ஒரே பாளமாக வழுக்கி விழும்.

மரீனா வளவில் விடுவதென்றால் கணக்கை எழுத்தில் கேளுங்கள். சில இடங்களில் நீளத்துக்கு அடிக்கணக்கு, சில இடங்களில் நீளத்தை அகலத்தால் பெருக்கிச் சதுர அடிக்கணக்கு. என் படகு 17க்கு 7 என்று எடுத்தால் 119 சதுர அடி. டிரெய்லரின் நாக்கையும் (வாகனத்தோடு பூட்டும் முன்நீட்டம்) பின்னால் தொங்கும் மோட்டாரையும் சேர்த்து 21 அடி என்று அளந்தால் 147. அதே படகுதான், கால்வாசிக் கட்டணம் கூடிவிடும். பிறகு கேட்க வேண்டியது: வசந்தத்தில் எந்தத் திகதிக்குள் எடுக்க வேண்டும்? முன்னால் நிற்கும் படகு போகும்வரை என் படகு சிறைப்படுமா? வாயில் எத்தனை மணிக்குப் பூட்டும்? சேதம் வந்தால் யார் பொறுப்பு? பெரும்பாலான ஒப்பந்தங்கள் "உரிமையாளரின் பொறுப்பு" என்றுதான் சொல்லும். ஆகவே உங்கள் காப்புறுதி தரையில் நிற்கும் படகையும் உள்ளடக்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்ஸ்பிரிட்ஜ், ஸ்டூவ்வில் பக்கமாகப் பழைய தானியக் கொட்டகைகளில் இடம் கிடைக்கும். மேலே கூரை இருக்கிறது, பனி விழாது, விலையும் நியாயம். நெருக்கி அடுக்குவார்கள். நவம்பரில் கதவைச் சாத்தினால் வசந்தம்வரை உங்கள் படகைத் தொட முடியாது. மழையும் பனியும் உள்ளே வராத இடத்தில் அதை ஏற்கலாம். ஆனால் எலி வரும். பாய், மெத்தை, உயிர்காப்பு அங்கி, பிஸ்கட் துகள் உட்பட எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். மண் தரையென்றால் சில்லுகளுக்குக் கீழே தடித்த பலகை போடுங்கள். இல்லாவிட்டால் ஏப்ரல் ஈரத்தில் டிரெய்லர் புதைந்து நிற்கும்.

சூடேற்றிய உள்ளரங்கு இந்த அளவுப் படகுக்குத் தேவையில்லை. அந்தக் காசில் புதுப் பாய் தைக்கலாம்.

டிரெய்லர்

நல்ல டிரெய்லர் இருந்தால் போக்குவரத்தும் நிறுத்துமிடமும் ஒரே சாமானில் முடிந்துவிடும். குளிர்காலம் முழுக்கப் படகைத் தாங்கப்போவதும் அதுதான். அதனால் படகுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது அதற்குக் கொடுங்கள். வல்வெட்டித்துறையில் அப்பா வள்ளத்தைக் கரையேற்றிய பிறகு குந்தியிருந்து அடியைப் பார்ப்பார். வள்ளம் எதன்மேல் இருக்கிறது, பாரம் ஒரு இடத்தில் குத்துகிறதா என்று கையை விட்டுத் தடவுவார். நானும் அதைத்தான் செய்கிறேன். பாரம் நடு அடியில் உட்கார வேண்டும். பக்கத்துத் தாங்குபலகைகள் படகு சரியாமல் பிடிக்கத்தான். ஒரு ரோலர் மட்டும் உடலை உள்ளே அமுக்கிக்கொண்டு நின்றால் ஆறு மாதத்தில் அங்கே குழி விழும். கீலையும் அதைச் சுற்றித் தூக்கும் வின்ச் கயிற்றில் தொங்கவிடாமல், டிரெய்லரின் குறுக்குச் சட்டத்தில் மெல்ல இறக்கி உட்கார வையுங்கள்.

வாங்கும் முன் எடைக்கணக்கு. படகு 750, மோட்டார், பற்றரி, நங்கூரம், பாய், கயிறு எல்லாம் சேர்த்து 200, டிரெய்லர் 400. மொத்தம் 1,350 இறாத்தல். என்னுடைய ராவ்4 ஹைபிரிட்டின் இழுவை எல்லை 1,750. போதும், ஆனால் அள்ளிப்போட இடமில்லை. உங்கள் வாகனத்தின் கைநூலில் உள்ள எண்ணை மட்டும் நம்புங்கள், நண்பர் சொல்வதை அல்ல. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் நாக்கில், அதாவது வாகனத்தின் பின்னால் டிரெய்லரைப் பூட்டும் ஹிட்ச்மேல் இறங்க வேண்டும். 1,350க்கு அது 135இலிருந்து 200 வரை. குளியலறைத் தராசை ஒரு மரக்குற்றியில் வைத்து நாக்கை அதன்மேல் இறக்கினால் தெரிந்துவிடும். குறைந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வால் ஆட்டும். அந்த ஆட்டத்தை 401இல் ஒருமுறை அனுபவித்தால் போதும், பிறகு மோட்டாரைக் கழற்றி வாகனத்துக்குள் வைக்கப் பழகிவிடுவீர்கள்.

ஒன்ராறியோச் சட்டத்தில் நமக்கு வேண்டியது கொஞ்சம்தான். டிரெய்லருக்கு இலக்கத்தகடு வேண்டும். பாரத்தோடு 1,360 கிலோ அல்லது அதற்கு மேலென்றால் அதற்குத் தனி பிரேக் வேண்டும். அகலம் 2.6 மீற்றரைத் தாண்டக் கூடாது. படுக்கவைத்த பாய்மரம் பின்னால் ஒன்றரை மீற்றருக்கு நீட்டினால் பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு. 2022 ஜனவரி 1 முதல், ஏரியை விட்டுத் தரைவழியே கொண்டுபோகுமுன் வடிகால் அடைப்பைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஒட்டிய பாசி, செடி, மட்டியை அகற்றியிருக்க வேண்டும். வரிக்குதிரை மட்டி ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் போவதைத் தடுக்கத்தான் இது. மனதாரச் செய்யுங்கள்.

இழுக்க வாகனம் இல்லையென்றால் கூலிக்கு ஏற்றுபவரைப் பிடிக்கலாம். ஏற்றும் பாரத்துக்கு அவரிடம் காப்புறுதி இருக்கிறதா என்று கேளுங்கள். பட்டி கட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். எனக்கு ஒருவர் கட்டித் தந்த பட்டி, துணி வைக்காமல் விளிம்பில் உராய்ந்து, நூறு கிலோமீற்றரில் படகின் மேற்பூச்சான ஜெல்கோட்டை வெள்ளையாகத் தின்றுவிட்டது.

ஏற்றும் நாள்

நன்றி தெரிவித்தல் நாள் வரும் வார இறுதி, ஒக்டோபர் இரண்டாம் திங்களையொட்டி, எனக்கு வழக்கம். அதைத் தாண்டினால் காற்று கடுமையாகும், விரல் விறைக்கும், வீதியில் உப்பும் போடத் தொடங்கிவிடுவார்கள். நன்னீர் ஏரியில் ஒன்றும் ஆகாத இரும்பு, வீதி உப்பில் ஒரே குளிர்காலத்தில் துருப்பிடிக்கும்.

நான் ஏற்றுவது ஸ்கார்பரோவின் புளஃபர்ஸ் பூங்காவில். அங்கிருந்து மேலே வரும் பிரிம்லி வீதி செங்குத்து. நடுவில் நின்று சரிபார்க்க முடியாது. எல்லாவற்றையும் கீழேயே முடித்துவிட வேண்டும். பாய்மரத்தை இறக்கும் முன் அண்ணாந்து பாருங்கள். மேலே மின்கம்பி போனால் அந்த இடம் வேண்டாம். அலுமினியப் பாய்மரம் கம்பியில் பட்டால் உயிர் போகும். பிறகு முன்னால் படகை இழுத்துப் பிடிக்கும் வின்ச் பட்டியோடு ஒரு சங்கிலி, பின்னால் இரு பக்கமும் பட்டி. வின்ச்சை மட்டும் நம்பி ஓடக் கூடாது. ஹிட்ச் குண்டின் அளவும் டிரெய்லர் கொளுக்கியின் அளவும் ஒன்றா என்று பொறித்திருப்பதை வாசியுங்கள். பூட்டிய பிறகு நாக்கு ஜாக்கியைச் சுற்றித் தூக்குங்கள். வாகனத்தின் பின்புறமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு விழுந்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுங்கள்.

மேலே ஏறிப் பத்துக் கிலோமீற்றர் போனதும் நிறுத்தி, சில்லின் நடுக்குமிழை உள்ளங்கையால் தொடுங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாவிட்டால் உள்ளே சில்லைச் சுழலவைக்கும் பேரிங் பழுதாகிக்கொண்டிருக்கிறது. ஓடிச் சூடேறிய பேரிங்கைக் குளிர்ந்த ஏரிக்குள் இறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். அந்தத் தண்ணீர் குளிர்காலம் முழுக்க உள்ளே நிற்கக் கூடாது. அதனால் இலையுதிர் காலத்தில் புதுக் கிரீஸ் ஏற்றிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும், வசந்தத்தில் அல்ல.

மூடுவது

டிரெய்லரின் நாக்கை உயர்த்தி, படகின் மூக்கு வானம் பார்க்க நிறுத்துங்கள். அப்போதுதான் தண்ணீர் பின்னால் ஓடித் துளையால் போகும். வடிகால் அடைப்பைக் கழற்றிச் சுக்கான் கைப்பிடியில் கட்டிவிடுங்கள், வசந்தத்தில் தேட வேண்டாம். சட்டத்துக்குக் கீழே கட்டை கொடுத்து டயரின் பாரத்தைக் குறையுங்கள்.

தார்ப்பாயைப் படகின்மேல் அப்படியே விரித்ததுதான் 2013இல் என் பிழை. பத்து சென்ரிமீற்றர் ஈரப்பனி ஒரு சதுர மீற்றரில் 20, 30 கிலோ வரும். இப்போது பாய்மரத்தையே முகட்டுவளையாக முன்னும் பின்னும் மரக்கால்களில் ஏற்றி, இரண்டு பக்கமும் கூடாரம் போல 45 பாகைக்குக் குறையாமல் சரித்துவிடுகிறேன். பாய்மரத்தின் கூரான முனைகளுக்குப் பழைய கம்பளத் துண்டு சுற்றுவேன். தார்ப்பாய்க் கயிற்றை டிரெய்லர் சட்டத்தில் கட்டலாம். கிரேடிலில் அல்லாமல் தனி ஜாக் தாங்கிகளில் நிற்கும் படகென்றால் தாங்கியில் ஒருபோதும் கட்ட வேண்டாம். காற்றில் படபடக்கும் தார்ப்பாய் தாங்கியைப் பிடுங்கிவிடும். இரு முனையையும் கொஞ்சம் திறந்து விடுங்கள். காற்றோட்டம் இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். சூடாக்கிச் சுருக்கி இறுக்கும் பிளாஸ்டிக் உறையான ஷ்ரிங்க் ராப் போடுவதானாலும் காற்றுத்துளை வைக்கச் சொல்லுங்கள். ஒரு பருவத்தில் குப்பைக்குப் போகும் அந்தப் பிளாஸ்டிக்கை நான் விரும்புவதில்லை.

மோட்டாரை நிமிர்த்தியே வையுங்கள். கீழ்ப்பெட்டி (கியர்ப்பெட்டி) எண்ணெயை வடித்துப் பாருங்கள், பால் நிறமென்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது, உறைந்தால் பெட்டி வெடிக்கும். பற்றரியை முழுசாக மின்னேற்றி வீட்டுக்குள் வையுங்கள். காலியான ஈயப் பற்றரி சைபருக்குக் கீழே ஏழெட்டுப் பாகையிலேயே உறைந்துவிடும். பாயை நன்னீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு மடியுங்கள்.

பிறகு ஜனவரி. ஒரு மென்மையான தும்புத்தடியை எடுத்துக்கொண்டு போங்கள். பனியை மேலிருந்து அடிக்காமல் தார்ப்பாய்க்கு உள்ளிருந்து மெல்லத் தள்ளினால் வழுக்கி விழும். கயிறுகளை ஒருமுறை இறுக்குங்கள். பின்தளத் துளைக்குள் ஒரு விரலை விட்டுப் பாருங்கள். நான் போன கிழமை பார்த்தேன், இலை ஒன்றும் இல்லை.