பலாச்சுளையும் வேண்டும், சர்க்கரையும் ஏறக்கூடாது

அறுபதைத் தாண்டியதும் வீட்டில் முதலில் நிறுத்துவது பலாப்பழத்தையும் கருவாட்டையும்தான். கடலூர் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு இது பெரிய தண்டனை. சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு, கால் வீக்கம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இரண்டையும் தொடவேண்டாம். மற்றவர்களுக்கு அளவும் நேரமும் பிடிபட்டால் போதும்.

பண்ருட்டிப் பலா வரும் கோடையில் பலரும் செய்யும் தப்பு, வயிறு முட்டச் சோறு சாப்பிட்டுவிட்டு அதன்மேல் ஐந்தாறு சுளையைத் தின்பது. சோறும் பழமும் சேர்ந்து சர்க்கரையை ஏற்றும். நடுத்தரமாக மூன்று சுளை போதும். அந்த வேளைச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துவிடுங்கள். குழம்பில் போடும் பலாக்கொட்டையும் மாவுச்சத்துதான், அதையும் சோற்றுக் கணக்கில் சேருங்கள். முதல் தடவை குளுக்கோமீட்டரில் சாப்பிடும் முன் ஒருமுறை, சாப்பிட ஆரம்பித்து 2 மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள். 180-ஐத் தாண்டினால் அடுத்த முறை இரண்டே சுளை.

கருவாட்டில் சிக்கல் உப்பு. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். துண்டுகளை வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு முறை அலசுங்கள். குழம்பில் உப்புப் போடாமலே கொதிக்கவிட்டு, இறக்கும்போது ருசி பாருங்கள், பெரும்பாலும் தேவைப்படாது. கை பழக்கத்தில் முதலிலேயே உப்பைப் போட்டுவிட்டால் ஊறவைத்ததெல்லாம் வீண். அன்றைக்கு ஊறுகாய், அப்பளம் வேண்டாம். மற்ற நாட்களில் மத்தி, நெத்திலியைப் பொரிக்காமல் குழம்பு வையுங்கள்.

நடைக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலை அருமையான இடம். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகள் வராது. பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். வாரத்துக்கு ஐந்து நாள், அரை மணி நேரம். கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் நடப்பவர்கள், அதிலும் சர்க்கரை உள்ளவர்கள், வெறுங்காலோடு மணலில் இறங்கவேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கிளிஞ்சல் கிழித்தாலும் தெரியாது. வீடு திரும்பியதும் காலைக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள்.

சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு நடக்கக் கிளம்பாதீர்கள். சர்க்கரை ரொம்ப இறங்கி, வியர்த்துக் கை நடுங்கினால் உடனே உட்கார்ந்து மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்தும் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.

நடை முடிந்து காந்தி சிலைப் பக்கம் உட்கார்ந்து பேசும் அரை மணி நேரத்தை மட்டும் குறைக்காதீர்கள், நாளெல்லாம் மனசு அதற்குத்தானே காத்திருக்கிறது! பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் எழும்போது சட்டென்று எழவேண்டாம். பாதத்தைப் பத்து முறை மேலும் கீழும் அசைத்து, எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து, தலை சுற்றவில்லை என்று தெரிந்தபிறகு அடியெடுத்து வையுங்கள்.