கொய்யா காய்க்கவில்லையா? கிளையை வளைத்துக் கட்டுங்கள்

கொய்யா மரம் தளதளவென்று நிற்கிறது, காயைத்தான் காணோம் என்று வருந்துகிறீர்களா? உரத்தைக் கொட்டும் முன் ஒரு சணல் கயிற்றை எடுங்கள். கொய்யா புதுத் துளிரில்தான் பூக்கும். நேராக மேலே ஓடும் கிளையில் பெரும்பாலும் நுனியில் மட்டுமே துளிர் வரும். அதையே மெல்ல வளைத்து, தரையில் அடித்த முளைக்குச்சியில் கட்டினால், கணுக்களில் உறங்கிக்கிடந்த மொட்டுகள் வரிசையாகத் துளிர்விடும். இலைக்காம்பு சேருமிடங்களில் வெள்ளைப் பூக்கள் எட்டிப்பார்க்கும். விரல் பருமனுள்ள இளங்கிளையாகத் தேர்ந்தெடுங்கள், முற்றியது முறிந்துவிடும். கயிறு பட்டையை அறுக்காதபடி கட்டுமிடத்தில் பழந்துணி சுற்றுவது அவசியம்.

காய் எலுமிச்சை அளவானதும் மெல்லிய துணிப்பை மாட்டிவிடுங்கள். பழ ஈ அண்டாது. புழு விழுந்த பழங்களை மரத்தடியில் விடவே கூடாது. புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வரும்.

கரும்பச்சை வெளிறி இளமஞ்சள் தட்டும்போதே பறித்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். குழையக் கனிந்த பழத்தில் அந்த நறுக்கென்ற கடி கிடைக்காது, அதைச் சாறாக்கிவிடலாம்.