தீராத நெஞ்செரிச்சலை வசத்துக்குக் கொண்டுவருவது எப்படி? இரவிலிருந்து தொடங்குங்கள்

நெஞ்செரிகிறது என்று யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி "என்ன சாப்பிட்டாய்?" என்பதுதான். அதனால் இந்தத் தொல்லை புதிதாக வந்தவர்களும் முதல் வேலையாகத் தட்டில் கைவைக்கிறார்கள். காபி போகிறது, காரம் போகிறது, தக்காளி போகிறது. கடைசியில் சாப்பிட ஒன்றும் மிஞ்சுவதில்லை. எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது.

பல வருடங்களாக இதோடு வாழ்கிறவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன். எதைச் சாப்பிடுகிறோம் என்பது பிறகு. எப்போது சாப்பிடுகிறோம், சாப்பிட்டபின் எப்படிப் படுக்கிறோம், மாத்திரையை எந்த நேரத்தில் போடுகிறோம் என்ற இவைதான் முதலில் சரியாக வேண்டியவை. இந்த விளக்கத்திலும் இரவு முதலில் வரும், தட்டு அதற்குப் பிறகுதான்.

உள்ளே நடப்பது என்ன?

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம்போல ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது திறக்கும், மற்ற நேரத்தில் மூடியிருக்கும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானமும் அதைச் சுற்றி வெளியிலிருந்து ஒரு பிடி பிடித்திருக்கிறது. சாப்பிட்டு வயிறு உப்பியிருக்கும்போது, நாம் எதையும் விழுங்காமலேயே அந்த வளையம் சில விநாடிகள் தளரும். ஏப்பம் வெளியேற உடம்பு வைத்திருக்கும் வழி அது, எல்லோருக்கும் நடப்பதுதான். நமக்கு அந்தச் சில விநாடிகளில் காற்றோடு அமிலமும் ஏறிவிடுகிறது. சிலருக்கு இரைப்பையின் மேல்பகுதியே உதரவிதானத்தின் துளை வழியாக நெஞ்சுப் பக்கம் நகர்ந்திருக்கும். ஹயட்டஸ் ஹெர்னியா என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது இதைத்தான். அவர்களுக்கு இரண்டு பிடிகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போவதால் தொல்லை கூடுதல்.

பெரும்பாலானவர்களுக்கு அமிலம் அளவுக்கு மீறிச் சுரப்பதில்லை. சுரக்க வேண்டிய அளவு சுரந்த அமிலம்தான் வரக்கூடாத இடத்துக்கு வருகிறது. எதுக்களிப்பு என்பது இதைத்தான். இரைப்பையின் உட்சுவர் அதைத் தாங்கும், உணவுக்குழாய் தாங்காது. இந்த ஒன்று புரிந்துவிட்டால் கீழே வரும் படிகள் எல்லாம் ஏன் என்று தானாகப் புரியும்.

படி 1: இது எதுக்களிப்புதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்

நடு நெஞ்சில் எரிச்சல், சாப்பிட்டபின் அல்லது குனியும்போது கூடுவது, புளித்த ஏப்பம், தொண்டைவரை கரித்துக்கொண்டு வரும் தண்ணீர். இவை வழக்கமான அறிகுறிகள். இரவு இருமல், காலையில் குரல் கம்முதல், தொண்டையை அடிக்கடி செருமத் தோன்றுவது, பல் எனாமல் தேய்வது ஆகியவற்றுக்கும் சில சமயம் இதுவே காரணமாக இருக்கும். ஆனால் அவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு. நீங்களாக முடிவுகட்ட வேண்டாம்.

நெஞ்சை அழுத்துவதுபோல் வலி, அது கைக்கோ தாடைக்கோ பரவுவது, வியர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது என்றால் கேஸ் என்று சொல்லி சோடாவைத் தேடாதீர்கள். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மாரடைப்பும் நெஞ்செரிச்சல் மாதிரியே தொடங்கலாம், டாக்டர்களே ஈசிஜி பார்த்துத்தான் பிரித்துச் சொல்கிறார்கள்.

ரத்த வாந்தி வந்தாலோ, மலம் தார்போல் கறுத்துப் போனாலோ, அப்போதும் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். விழுங்கும்போது அடைப்பதுபோல் இருப்பது அல்லது வலிப்பது, முயற்சி செய்யாமலே எடை குறைவது, ரத்தசோகை ஆகியவை இருந்தால் இந்தப் படிகளை ஓரமாக வைத்துவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், புகைபிடிப்பவர்கள், தொப்பை உள்ளவர்கள் பல வருடங்களாக இதைச் சகித்துக்கொண்டிருந்தால், எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை இறக்கிப் பார்க்கும் சோதனை) தேவையா என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. நீண்டகால எதுக்களிப்பில் சிலருக்கு உணவுக்குழாயின் உட்சுவரே மாறிவிடுகிறது. பாரெட் உணவுக்குழாய் என்று அதற்குப் பெயர். பின்னால் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு சிறிதளவு இருப்பதால் கண்காணிப்பில் வைத்திருப்பார்கள்.

படி 2: ஒரு வாரம் எழுதிவையுங்கள்

எதையும் மாற்றாமல், ஒரு வாரம் குறிப்பு மட்டும் எடுங்கள். பெரிய அட்டவணை எதுவும் வேண்டாம், போனில் ஒரு வரி போதும்:

"இரவு 9:15 வயிறு முட்டச் சாப்பாடு. 10:00 படுக்கை, வலப்பக்கம். 12:40 எரிச்சல், எழுந்து உட்கார்ந்தேன்."

உணவின் பெயரை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். மணி, அளவு, சாப்பிட்டபின் என்ன செய்தீர்கள் என்ற மூன்றும் இருந்தால்தான் குறிப்புக்குப் பயன். ஒரு வாரம் எழுதிப் பார்த்த நிறையப் பேருக்கு, தாங்கள் சந்தேகப்பட்ட உணவைவிடச் சாப்பிட்ட மணியும் அளவும்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்.

படி 3: இரவைச் சரிசெய்யுங்கள்

மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்தாலும் இதைத் தள்ளிவைக்காதீர்கள். பகலில் அமிலம் ஏறினால், நிமிர்ந்திருப்பதால் அது தானாகக் கீழே இறங்கும். எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்கிறோம், எச்சிலில் உள்ள பைகார்பனேட் மிச்ச அமிலத்தையும் தணித்துவிடும். தூக்கத்தில் எச்சில் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது, விழுங்குவதும் அபூர்வம், உடம்பும் கிடைமட்டம். ஏறிய அமிலம் நெடுநேரம் அங்கேயே நின்று புண்ணாக்குகிறது.

முதலில் இடைவெளி. கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் குறைந்தது மூன்று மணிநேரம். வேலை முடிந்து தாமதமாக வருகிறவர்களுக்கு இது கஷ்டம்தான். அப்படியானால் மாலையிலேயே பாதிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, வீடு வந்ததும் கொஞ்சமாக, எண்ணெய் குறைவாக எதையாவது சாப்பிடுங்கள். படுப்பதற்கு முன் குடிக்கும் பாலும் இந்தக் கணக்கில் சேரும். குடிக்கும்போது இதமாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் அதுவே அமிலச் சுரப்பைத் தூண்டும்.

அடுத்தது கட்டில். தலைப்பக்கத்துக் கால்கள் இரண்டின் கீழும் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு மரக்கட்டை கொடுங்கள். கட்டையின் நடுவில் கால் உட்காரும் அளவுக்குக் குழிவு இருந்தால் நழுவாது. அடியில் ரப்பர் ஒட்டினால் தரையும் வழுக்காது. கட்டிலை உயர்த்த முடியாதவர்களுக்கு இடுப்பிலிருந்து தலைவரை சீராகச் சரியும் ஆப்பு வடிவ மெத்தை கிடைக்கிறது. தலையணையை இரண்டு மூன்றாக அடுக்குவது மட்டும் வேண்டாம்: கழுத்தும் இடுப்பும் மடங்கி வயிறு அழுந்தும், அமிலம் இன்னும் வேகமாக ஏறும். முதல் சில இரவுகள் கால்பக்கம் சறுக்கிக்கொண்டே போவதுபோல் இருக்கும். முழங்காலுக்கு அடியில் மெல்லிய தலையணை ஒன்றை வைத்தால் நிற்கும். பக்கத்தில் படுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவரும் சேர்ந்துதான் சாயப்போகிறார்.

அப்புறம், இடப்பக்கமாகப் படுங்கள். இரைப்பை வயிற்றின் இடப்பக்கம் இருக்கிறது. இடப்பக்கம் ஒருக்களித்தால் உணவுக்குழாயின் வாய் அமிலத்தின் மட்டத்துக்கு மேலே வந்துவிடும். வலப்பக்கம் திரும்பினால், பாதி நிரம்பிய பாட்டிலை வாய்ப்பக்கமாகச் சாய்த்த கதைதான். தூக்கத்தில் புரண்டுவிடுகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் நீளத் தலையணை ஒன்றை அணையாக வைத்துக்கொள்ளலாம்.

இந்த மூன்றையும் சேர்த்து இரண்டு வாரம் செய்யுங்கள். மற்றவற்றை அதற்குள் மாற்ற வேண்டாம்.

படி 4: வயிற்றின் அழுத்தத்தைக் குறையுங்கள்

ஒரே வேளையில் நிறையச் சாப்பிடுவதைப் பிரித்துச் சாப்பிடுங்கள். இறுக்கமான பெல்ட், இடுப்பைப் பிடிக்கும் உடை வேண்டாம். சாப்பிட்ட கையோடு குனிந்து வேலை செய்வதும் பளு தூக்குவதும் கூடாது. எடை அதிகமாக இருந்தால், குறிப்பாக வயிற்றைச் சுற்றி இருந்தால், அதைக் குறைப்பது மருந்துக்கு நிகரான சிகிச்சை. சில கிலோ குறைந்ததுமே பலருக்குத் தெரியும்.

புகைபிடிப்பதை நிறுத்துங்கள். அது வளையத்தையும் தளர்த்துகிறது, எச்சிலையும் குறைக்கிறது.

படி 5: உணவை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்

இப்போதுதான் தட்டின் முறை. வழக்கமாகச் சந்தேகிக்கப்படுபவை சில உண்டு. கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். சாக்லேட், புதினா, மது ஆகியவை வளையத்தைத் தளர்த்தும். காற்றடைத்த பானங்கள் வயிற்றை உப்பவைக்கும். எலுமிச்சை, ஆரஞ்சு, தக்காளி ஏற்கெனவே புண்ணாகியிருக்கும் இடத்தில் பட்டு எரியும். காபி சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, சிலருக்கு ஒன்றுமே செய்யாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் குற்றவாளி யார் என்று கடைசிவரை தெரியாது. ஒன்றை மட்டும் இரண்டு வாரம் நிறுத்துங்கள், பிறகு திரும்பச் சாப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று முறை எரிச்சல் திரும்பி வந்தால் அது உங்களுக்கு ஆகாது. வராவிட்டால் தாராளமாகச் சாப்பிடுங்கள். பயந்து பயந்து உணவைச் சுருக்கிக்கொண்டு உடம்பு நலிந்து போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அவ்வளவு தியாகத்துக்குத் தேவையே இல்லை.

படி 6: மாத்திரையின் நேரம்

டாக்டர் எழுதித் தரும் ஒமிபிரசோல், பாண்டோபிரசோல், ராபிபிரசோல், எசோமிபிரசோல் எல்லாம் ஒரே வகை. ஒமிபிரசோல் 1988ல் விற்பனைக்கு வந்ததிலிருந்து எதுக்களிப்புக்கு இந்த வகைதான் முதன்மை மருந்து. ஆனால் இதைத் தப்பான நேரத்தில் போடுபவர்கள்தான் "எனக்கு மாத்திரையே கேட்பதில்லை" என்று பெரும்பாலும் சொல்கிறார்கள்.

காரணம் எளியது. இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியேற்றும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் இந்த மருந்தால் பூட்ட முடியும். சாப்பாடு உள்ளே போனதும்தான் பெரும்பாலான பம்புகள் ஓடத் தொடங்கும். மருந்தோ ரத்தத்தில் கொஞ்ச நேரம்தான் தங்கும். ஆகவே சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் விழுங்கியிருந்தால், பம்புகள் ஓடத் தொடங்கும்போது மருந்து ரத்தத்தில் தயாராக இருக்கும். சாப்பிட்டபின் போட்டாலோ, சாப்பிடாமல் படுக்கும்போது போட்டாலோ பலன் குறைந்துவிடும். காலையில் எழுந்ததும் மாத்திரை, குளியல் முடித்துச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டால் மறக்காது. எரிச்சல் இரவில் மட்டும் என்றால், இரவுச் சாப்பாட்டுக்கு முன் மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முழுப் பலன் தெரியச் சில நாட்கள் பிடிக்கும்; முதல் நாளே பார்த்துவிட்டுக் கைவிடாதீர்கள். வழக்கமாக எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள்.

மற்ற மருந்துகளின் வேலை வேறு. ஆன்டாசிட், இருக்கும் அமிலத்தைத் தணிக்கும், சீக்கிரம் கேட்கும், சீக்கிரம் தீர்ந்துபோகும். அல்ஜினேட் கலந்த சிரப் சாப்பாட்டின் மேல் நுரைபோல மிதந்து, அமிலம் ஏறாமல் மூடிபோல் நிற்கும். அதைச் சாப்பிட்டபின்னும் படுக்கும் முன்னும் குடிக்க வேண்டும், குடித்தபின் மேலே தண்ணீர் வேண்டாம். அமிலச் சுரப்பை வேறு வழியில் குறைக்கும் ஃபாமோடிடின் இரவுக்கு உதவும், ஆனால் தினமும் போட்டால் ஓரிரு வாரத்தில் உடம்பு பழகிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம்.

வேறு நோய்க்குச் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் அம்லோடிபின், நிஃபெடிபின் போன்றவை வளையத்தைத் தளர்த்தக்கூடும். இபுபுரூஃபன், ஆஸ்பிரின், டாக்ஸிசைக்ளின், எலும்புத் தேய்வுக்கான அலெண்ட்ரோனேட் ஆகியவை உணவுக்குழாயையே புண்ணாக்கலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாற்று இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். எந்த மாத்திரையானாலும் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரமாவது நிமிர்ந்திருங்கள்.

படி 7: மாத்திரையைக் குறைப்பது

நன்றாகிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்தினால், அடக்கிவைத்திருந்த சுரப்பு சில நாட்களுக்குத் துள்ளும். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி தொடங்குவோம். டாக்டரின் சம்மதத்தோடு முதலில் அளவைப் பாதியாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இறங்கி, நடுவில் வரும் எரிச்சலை அல்ஜினேட்டால் சமாளித்தால் சுலபம். உணவுக்குழாயில் கடும் புண், பாரெட் மாற்றம் உள்ளவர்கள் மட்டும் நிறுத்தவே கூடாது. நீண்ட காலம் சாப்பிடுகிறவர்கள் பி12, மக்னீசியம் அளவுகளைப் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

திடீரென்று எரியும் நாளில்

எழுந்து நில்லுங்கள், பெல்ட்டைத் தளர்த்துங்கள், தண்ணீரை வாய் வாயாகக் குடியுங்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மை அரைமணி நேரம் மென்றால் எச்சில் ஊறி அமிலத்தைக் கழுவும்; புதினா வாசனை உள்ளது வேண்டாம். வயிறு மேலெழும்பும்படி மெதுவாக மூச்சிழுத்து விடுவது உதரவிதானத்தின் பிடிக்கு உதவும். வாய்வரை அமிலம் வந்திருந்தால் உடனே பல் துலக்காதீர்கள், எனாமல் தேயும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரைமணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கேட்கவில்லை என்றால்?

எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியாமல் போவது சகஜம். அடுத்த சோதனை, மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கி 24 மணிநேரம் உணவுக்குழாயின் பிஹெச்சை, அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண்ணை, அளப்பது. எண் குறையக் குறைய அமிலம் அதிகம். 4க்குக் கீழே எவ்வளவு நேரம் இருந்தது என்று பார்ப்பார்கள். அமிலம் ஏறவே இல்லை, உணவுக்குழாயின் நரம்புகள்தான் கூடுதல் உணர்ச்சியோடு இருக்கின்றன என்றும் முடிவு வரலாம். அப்போது அந்த எரிச்சல் பொய் என்று அர்த்தமில்லை. அதற்கு வேறு மருந்துகள் உண்டு. ஏறுவது உறுதியாகி மாத்திரை போதாவிட்டால் அறுவை சிகிச்சை இருக்கிறது. இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைக்கும் முறையை ருடால்ஃப் நிசன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 1956ல் வெளியிட்டார். இப்போது அதை லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் மட்டும் போட்டு, செய்கிறார்கள். அதன்பின் சிலருக்கு ஏப்பம் விட முடியாது, வயிறு உப்பும், கொஞ்ச நாள் விழுங்கச் சிரமப்படும். இவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சம்மதிக்க வேண்டும்.