ஷென்ஜென் போகிறீர்களா? முதலில் போனைத் தயார் செய்யுங்கள்

1980-இல் சிறப்புப் பொருளாதார மண்டலமான சீன நகரம் ஷென்ஜெனில் இன்று 1.7 கோடிக்கும் மேல் மக்கள். ஹாங்காங்கின் வெஸ்ட் கவுலூனிலிருந்து ஷென்ஜெனின் ஃபூட்டியன் நிலையத்துக்கு அதிவேக ரயிலில் கால் மணி நேரம்தான். (சீன விசா தனி, ஹாங்காங் அனுமதி செல்லாது.)

அங்கே கூகுள் மேப்ஸ், வாட்ஸ்அப் முடக்கம். ஹாங்காங் சிம்மை ரோமிங்கில் போட்டால் இரண்டும் ஓடும்.

பணம்தான் பெரிய சிக்கல். தெருவோர நூடுல்ஸ் கடையில்கூட க்யூஆர் அட்டைதான் தொங்கும். உங்கள் விசா, மாஸ்டர் கார்டை நேரடியாக நீட்டினால் கடைக்காரர் விழிப்பார். ஊரிலிருக்கும்போதே அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியை இறக்கி, பாஸ்போர்ட் விவரம் கொடுத்து, கார்டை இணைத்துவிடுங்கள். வங்கியின் ஓடிபி நம்மூர் எண்ணுக்குத்தானே வரும்! ஒருமுறை செலுத்தும் தொகை 200 யுவானைத் தாண்டினால் 3% கட்டணம் உண்டு. மெட்ரோவுக்கும் அதே செயலி போதும்.

எலெக்ட்ரானிக்ஸ் பிரியர்கள் ஹுவாச்சியாங்பெய் மின்னணுச் சந்தைக்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். பேரம் பேசலாம், தாராளமாக.