ஒரே தேதியில் நடந்தவற்றைத் தொகுப்பது எப்படி: முதலில் நம் கரையைப் பாருங்கள்

பள்ளிக்கூடப் பலகையிலோ படிப்பகச் சுவரிலோ "வரலாற்றில் இன்று" எழுதும் வேலை உங்களிடம் வந்தால் பெரும்பாலும் என்ன நடக்கும்? போனில் தேதியைத் தட்டி, வருகிற பட்டியலில் மேலே இருக்கும் நாலு வரியை எழுதிவிடுவோம். மண்டபம் ஊரிலும் அதே நாலு வரி, மதுரையிலும் அதே நாலு வரி. வாசிப்பவர் ஒருவர்கூட நிற்க மாட்டார். நான் சில வருடமாக எங்கள் படிப்பகத்தில் இதை எழுதி வருகிறேன், நம் ஊர்ப் பெயர் பலகையில் இருக்கிற நாளில் மட்டும் கூட்டம் நிற்பதைப் பார்த்த பிறகுதான் வேலை செய்யும் முறையையே மாற்றினேன்.

முதலில் ஒரு தடித்த நோட்டு வாங்குங்கள். நாளுக்கு ஒரு பக்கம், மொத்தம் 366. பிப்ரவரி 29-ஐ விட்டுவிடாதீர்கள், பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் 1904-இல் பிறந்தது அன்றைக்குத்தான். உலகச் செய்தி எதையும் தொடாமல், முதலில் நம் கரையின், அதாவது இராமநாதபுரம் கடற்கரையின், தேதிகளை மட்டும் அந்தந்தப் பக்கத்தில் எழுதுங்கள். 1897 ஜனவரி 26, கொழும்பிலிருந்து வந்த விவேகானந்தர் பாம்பனில் இறங்க, இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வரவேற்றார். 1914 பிப்ரவரி 24, பாம்பன் ரயில் பாலம் திறப்பு. 1988 அக்டோபர் 2, பக்கத்திலேயே சாலைப் பாலம். 2025 ஏப்ரல் 6, புதிய ரயில் பாலம். 1931 அக்டோபர் 15 கலாம் பிறப்பு, 2015 ஜூலை 27 அவர் மறைவு. இப்படி இருபது முப்பது பக்கம் நிரம்பினால் போதும், அப்புறம் அந்தப் பக்கங்களுக்கு மட்டும் நாட்டிலும் உலகத்திலும் என்ன நடந்தது என்று தேடுங்கள்.

பிப்ரவரி 4-ஐ எடுத்துக்கொள்வோம். 1693-இல் அந்த நாளில்தான் ஓரியூரில் அருளானந்தர், அதாவது போர்த்துக்கீசியப் பாதிரியார் ஜான் டி பிரிட்டோ, தலை வெட்டிக் கொல்லப்பட்டார்; கிழவன் சேதுபதி ஆண்ட காலம். 1948-இல் அதே பிப்ரவரி 4, கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைக்குச் சுதந்திரம். 1922-இல் சௌரி சௌராவில் காவல் நிலையம் கொளுத்தப்பட்டு, காந்தி ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்திவிட்டார். 1945-இல் இரண்டாம் உலகப்போரின் முடிவு பற்றிப் பேச வல்லரசுத் தலைவர்கள் கூடிய யால்டா மாநாடு தொடங்கியது. பலகையில் ஓரியூர் மேலே, இலங்கை அடுத்து, பிறகு மற்றவை. அருளானந்தர் இரத்தம் பட்டுச் சிவந்ததாக நம்பப்படும் ஓரியூர்ச் சிவப்பு மணலை வீட்டில் வைத்திருக்கிற பிள்ளைகள் முதல் வரியைப் பார்த்ததுமே நின்றுவிடுகிறார்கள், அப்புறம் யால்டா எங்கே இருக்கிறது என்று அவர்களே கேட்கிறார்கள்.

ஒரே தேதி என்பதால் ஒன்றுக்கொன்று தொடர்பு இருப்பதாக எழுதிவிடாதீர்கள், இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஜனவரி 26-ஐப் பாருங்கள். 1930-இல் அந்த நாளை முழு விடுதலை நாளாகக் காங்கிரஸ் கொண்டாடியது, அதை நினைவில் வைத்தே 1950-இல் குடியரசு நாளுக்கு அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள். அது உண்மையான தொடர்பு. 1897-இல் விவேகானந்தர் பாம்பனில் இறங்கியது அந்தத் தேதியோடு தற்செயலாகப் பொருந்தியது, அவ்வளவுதான். ஏப்ரல் 6-உம் அப்படியே: 1919-இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்துக் கடையடைப்பு நடந்த நாளை மனதில் வைத்துத்தான் காந்தி 1930-இல் தண்டியில் அதே நாளில் உப்பு எடுத்தார், நம் புதிய பாலத்தின் திறப்பு இராமநவமியில் அமைந்ததால் அந்தத் தேதிக்கு வந்தது. தொடர்புள்ள இரண்டுக்கு நடுவே நான் ஒரு அம்புக்குறி போடுவேன், தற்செயலானதற்குப் போட மாட்டேன்.

தற்செயல் என்றால் மதிப்புக் குறைவு என்று பிள்ளைகள் நினைத்தால் ஒரு விளையாட்டு ஆடிக் காட்டுங்கள். 23 பேர் இருக்கிற அறையில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல், 40 பேர் என்றால் கிட்டத்தட்ட பத்துக்கு ஒன்பது. 366 பக்கத்தில் ஆயிரக்கணக்கான செய்திகளைப் போட்டால் ஒன்றோடொன்று மோதத்தான் செய்யும் என்பது அவர்களுக்கே புரிந்துவிடும்.

சரி, தேதியைச் சரிபார்ப்பதற்கு வருவோம். என் தவற்றையே சொல்கிறேன். தனுஷ்கோடிப் புயலை டிசம்பர் 23 என்று எழுதியிருந்தேன். பேரனைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் நின்று வாசித்துவிட்டு, "அலை வந்தது செவ்வாய்க்கிழமை ராத்திரிப்பா" என்றார், வேறெதுவும் சொல்லாமல் போய்விட்டார். காலண்டரைப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன்: 1964 டிசம்பர் 22 செவ்வாய். பாம்பனிலிருந்து 653-ஆம் எண் பாசஞ்சர் கிளம்பியது இரவு 11.55-க்கு, அலை அதை அடித்துக்கொண்டு போனது நள்ளிரவு தாண்டி. தூங்காமல் கிடந்தவர்களுக்கு அது செவ்வாய் இரவு, எழுதிவைத்தவர்களுக்கு 23-ஆம் தேதி. இப்போது "22 இரவு – 23 அதிகாலை" என்றே எழுதுகிறேன். அதனால் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்கும்போது தேதியைக் கேட்காதீர்கள், கிழமையைக் கேளுங்கள். தேதி மறக்கும், கிழமை மறப்பதில்லை. அருளானந்தர் நாளையும் இப்படித்தான் சோதித்தேன்: 1693 பிப்ரவரி 4 புதன்கிழமை, அந்த வருடத்துச் சாம்பல் புதன், கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் நாள்.

நள்ளிரவுச் சிக்கல் பாரதியாருக்கும் உண்டு. 1921 செப்டம்பர் 11 இரவு கடந்து, 12-ஆம் தேதி அதிகாலையில் உயிர் பிரிந்தது. அரசு நினைவு நாளாகக் கொண்டாடுவது 11-ஐ. செப்டம்பர் 11 பக்கம் ஏற்கனவே கனமானது: 1893-இல் விவேகானந்தரின் சிகாகோ உரை, 1957-இல் பரமக்குடியில் ஒடுக்கப்பட்டோர் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொலை, 2001-இல் நியூயார்க் இரட்டைக் கோபுரம். பழைய செய்தித்தாளில் எடுத்தால், தாளின் தேதியை நிகழ்ச்சியின் தேதியாக எழுதிவிடாதீர்கள், அச்சானது மறுநாள் அல்லது அதற்கும் பிறகு. கச்சத்தீவு ஒப்பந்தத்துக்கு ஒரே தேதி கிடையாது, 1974-இல் கொழும்பில் ஜூன் 26, டெல்லியில் ஜூன் 28 என்று கையெழுத்தானது. இரண்டையும் போடுங்கள்.

அடுத்து காலண்டர். பாம்பன் பாலம் திறந்த பிப்ரவரி 24-இல்தான், 1582-இல், போப் கிரகோரி இன்று நாம் வைத்திருக்கும் காலண்டருக்கான ஆணையைப் போட்டார். அந்த வருடம் அக்டோபர் 4-க்கு மறுநாள் 15 என்று எண்ணினார்கள். ஆக, புதிய காலண்டரின் முதல் நாள் கலாம் பிறந்த அதே அக்டோபர் 15. இதை எழுதிய அன்று எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. போர்ச்சுக்கல் உடனே மாறியது, இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. அதனால் நம் கரையைப் பற்றிப் போர்த்துக்கீசியர் எழுதிய தேதிக்கும், அதே காலத்தில் ஆங்கிலேயர் எழுதிய தேதிக்கும் பத்துப் பதினோரு நாள் வித்தியாசம் வரும். 1616 ஏப்ரல் 23-இல் ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டஸும் ஒரே நாளில் இறந்தார்கள் என்பது இப்படிப்பட்ட தவறுதான். இங்கிலாந்துக் கணக்கின் 23 ஸ்பெயின் கணக்கில் மே 3.

சேதுபதி மன்னர்களின் செப்பேடுகளில் சக வருடமும் (பழைய இந்திய ஆண்டுக் கணக்கு) தமிழ் வருடப் பெயரும் மாதமும் இருக்கும். சித்திரையிலிருந்து மார்கழி வரை சக வருடத்தோடு 78 கூட்டுங்கள், தை பிறந்து பங்குனி முடிய 79, பெரும்பாலும் சரியாக வரும். வருடப் பெயரும் அதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள், ஒத்துப்போகாவிட்டால் பலகைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழா ஹிஜ்ரி என்ற இஸ்லாமியக் கணக்கில் வருவதால் ஆங்கிலத் தேதியில் வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகரும், அதற்கு நிலையான பக்கம் கிடையாது. வீட்டுச் சுவரில் தினமும் கிழிக்கிற காலண்டர் தாளில் ஆங்கிலம், தமிழ், ஹிஜ்ரி மூன்று தேதியும் இருக்கும், அதைப் பார்த்து அந்தந்த வருடம் எழுதிக்கொள்ளலாம்.

அக்டோபர் 15-ஐ ஐ.நா. உலக மாணவர் நாளாக அறிவித்தது என்று ஒவ்வொரு வருடமும் செய்தி வரும். ஐ.நா. வெளியிட்டுள்ள நாள்களின் பட்டியலில் அது இல்லை. கலாமுக்கு அந்தப் பொய் தேவையும் இல்லை, எழுதாதீர்கள்.

டிசம்பர் 22-க்கு ஒரு சங்கடம் உண்டு, கணித மேதை இராமானுஜன் 1887-இல் பிறந்ததும் அன்றைக்குத்தான். பிறந்தநாள் வாழ்த்தையும் தனுஷ்கோடியையும் ஒரே பலகையில் அடுத்தடுத்து எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் காலையில் இராமானுஜன். சாயங்காலம் அதை அழித்துவிட்டு, "செவ்வாய் இரவு 11.55, பாம்பனிலிருந்து ரயில் கிளம்பியது" என்று ஒரு வரி மட்டும். 23 முழுக்க அது அப்படியே இருக்கும்.